சேனை தொட்டவள்

வெங்கடலட்சுமி இனிப்புத் தின்ன மாட்டாள். இதை அவள் மறைத்ததும் இல்லை, பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த லட்டை ஓரமாகத் தள்ளி வைக்கிற பெண்ணை இந்த உலகம் சும்மா விடுமா? சிங்காநல்லூரில் அவள் குடியிருந்த வீதியில் அவளுக்குக் கசப்பி என்று பெயரே வைத்துவிட்டார்கள். பழநிக்குப் போய்வந்தவர்கள் கொடுக்கிற பஞ்சாமிர்தத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டப்பாவைத் திறக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். சாமி பிரசாதத்தையே வேண்டாம் என்கிறவள், இவளுக்கு எங்கிருந்து நல்லது நடக்கும் என்று பேசினார்கள். பேசினால் பேசட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

உள்ளது இதுதான். சின்ன வயதிலிருந்தே நாக்கில் வெல்லம் பட்டால் போதும், வயிற்றைப் புரட்டும், உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும், கண் இருட்டிக்கொண்டு வரும். பழமும் ஆகாது. தாயார் அடித்துப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், கடைசியில் ஓய்ந்துபோனாள். சோறு, தயிர், பருப்பு, நெய், முட்டை, கோழி என்று இதிலேயே வளர்ந்து நாற்பத்தேழு வயதுக்கும் வந்துவிட்டாள். பார்த்த தொழிலும் அதற்குத் தகுந்ததுதான். வீட்டின் முன்கட்டில் பெரிய அடுப்புப் போட்டு முறுக்கு, தட்டுவடை, காராச்சேவு சுட்டு பேக்கரிகளுக்குக் கொடுத்தாள். லட்டு வேண்டும், அதிரசம் வேண்டும் என்று யாராவது வந்தால் வேறு ஆளைக் கைகாட்டி விடுவாள்.

அவளுக்கு ஒரு பையன் இருந்தான், வம்சி என்று. ஏழு மாதத்தில் போய்விட்டான். பால் கொடுத்தவரை கொழுகொழுவென்று இருந்த குழந்தை, சோறூட்டத் தொடங்கிய பிறகு வாந்தி எடுத்து, மஞ்சள் பூத்து, வலிப்பு வந்து போய்ச் சேர்ந்தது. தாய்ப்பால் சேரவில்லை, அவள் பாலே ஆகவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. கட்டியிருந்தது சொந்தத் தாய்மாமனை. அவரும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அவளுக்கு என்று இருப்பது உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் ரங்கம்மாள், பல்லடத்தில் கோழிப்பண்ணைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். கடைசித் தம்பி ரவிதேஜா, பம்பு மோட்டார்களுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கிற பட்டறை வைத்திருப்பவன். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது வெங்கடலட்சுமிதான். அதே வீட்டின் பின்கட்டில்தான் அவன் குடும்பமும் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயேதான். வெளியில் போய்த் தேடுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் ரவிதேஜாவுக்கும் ரங்கம்மாளின் மகள் சாய்ப்ரியாவையே முடித்தார்கள். அக்கா மாமியாரானாள். அக்கா மகள் பெண்டாட்டியானாள். எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

சாய்ப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரீத்திகா என்று பெயர் வைத்தார்கள். மகளின் பிரசவத்துக்குப் பல்லடத்திலிருந்து வந்து தங்கியிருந்த ரங்கம்மாள், பிறந்த அன்றைக்கே சேனை வைக்க வேண்டும் என்று பரபரத்தாள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல்முதலாக ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. தொடுகிறவர்களின் குணம் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அதனால் நல்ல குணவானாக, குடும்பம் குட்டியோடு நன்றாக இருக்கிறவராகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். ரங்கம்மாள் மனதில் ஆள் வைத்திருந்தாள். ஆனால் கட்டிலில் கிடந்த சாய்ப்ரியா பிடிவாதமாகச் சொன்னாள்.

"சின்னம்மாதான் வெக்கோணும்."

"என்ற கையில வேண்டாங் கண்ணு" என்று வெங்கடலட்சுமி பின்வாங்கினாள். "நல்லது கெட்டது பாக்க வேண்டாமா?"

"உங்களை விட நல்லவிங்க யாரு இருக்காங்க? வெய்ங்க சின்னம்மா."

ரங்கம்மாளின் முகம் சுண்டிப்போனது. பிள்ளை பெற்றுக் கிடக்கிறவளிடம் என்ன பேசுவது என்று வாயை மூடிக்கொண்டாள். வெங்கடலட்சுமி விரல் நுனியில் தொட்டு வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு குழந்தை வயிறு உப்பி அழுதது என்று ரங்கம்மாள் கற்கண்டைக் கரைத்துப் பாலாடைச் சங்கில் எடுத்துப் புகட்டினாள். குடித்த கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வாந்தியாக வந்தது. மறுநாளும் அப்படியே. கற்கண்டுத் தண்ணீரைப் பார்த்தாலே குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டது. அதைப் பார்த்ததும் ரங்கம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பாத்தியா?" என்றாள் தம்பியிடம். "இனிப்புன்னா மூஞ்சியத் திருப்புது. அப்படியே லட்சுமி. அவ சேனை புடிச்சுக்கிச்சு."

பிடித்த சேனையை மாற்ற வேண்டும் என்றாள். அதே வீதியில் கோவிந்தராஜுலு என்று ஒரு பெரியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேரன் பேத்தி என்று வீடு நிறைய ஆட்கள். பாவம், கூப்பிட்டார்கள் என்று வந்தார். காலையில் குளித்து, நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு வந்து, தேனில் ஒரு சொட்டு எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைத்துவிட்டுப் போவார். அவர் வைத்தது ஒரு சொட்டுதான். அவர் படி இறங்கியதும், ஒரு சொட்டில் பழைய குணம் எப்படிப் போகும் என்று ரங்கம்மாள் பாலாடை நிறையத் தேனும் கற்கண்டுத் தண்ணீரும் கலந்து ஊற்றிவிடுவாள். தினம் தினம் நடந்தது இது.

குழந்தைக்குக் கண் மஞ்சளானது. வயிறு ஊதியது. ஒருநாள் காலையில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், தாயிடம் பால் குடிக்க விட்டார்கள், நாலைந்து நாளில் குழந்தை தெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தது, கோவிந்தராஜுலு வந்தார், மறுபடியும் வாந்தி, மறுபடியும் மஞ்சள், மறுபடியும் ஆஸ்பத்திரி. அங்கே போனால் தெளிகிறது, வீட்டுக்கு வந்தால் சாய்கிறது. இதற்கு ரங்கம்மாளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். முன்கட்டில் வெங்கடலட்சுமி இருக்கிறாள்.

ரவிதேஜாதான் வந்து சொன்னான். அடுப்பின் முன்னால் நின்று, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்குக் குழந்தை கண்ணுல படாம இருங்க. பெரியக்கா சொல்லுது. எனக்கும் பயமா இருக்குது."

தூக்கி வளர்த்த தம்பி. அவள் அரிகரண்டியைக் கீழே வைக்கவில்லை. "செரி சாமி" என்றாள். அவன் போன பிறகு நடுக்கதவின் தாழ்ப்பாளை அவளே போட்டாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சட்டியில் கிடந்த முறுக்கு கருகிப் புகைந்தது.

கதவைச் சாத்திய பிறகும் குழந்தை தேறவில்லை. மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தத் தடவை கல்லீரலே பழுதாகிக்கொண்டிருக்கிறது, இப்படியே போனால் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் சாய்ப்ரியா அழுதுகொண்டே போன் செய்தாள்.

"சின்னம்மா, என்ற பாலுந்தான் ஆகலையாம். அம்மா சொல்லுது. நாளைலருந்து நிறுத்திப்போட்டு மாட்டுப்பால்ல சக்கரை போட்டு ஊத்தலாங்குது. சக்கரை போட்டாத்தான் தெம்பு வருமாம். எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல சின்னம்மா."

வெங்கடலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இதே வார்த்தைகளை இதே அக்காவின் வாயிலிருந்து அவள் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். அப்போது வம்சிக்கு ஏழு மாதம் முடிந்திருக்கவில்லை.

போனை வைத்துவிட்டு மாவைப் பிசைந்தாள். கை பிசைந்தது, மனம் வேறெங்கோ ஓடியது. ஆஸ்பத்திரியிலும் குழந்தை அதே தாயிடம் அதே பாலைத்தானே குடித்தது? பால் ஆகாது என்றால் அங்கே எப்படித் தெளிந்தது? ஆஸ்பத்திரியில் இல்லாதது எது? கோவிந்தராஜுலு அங்கே வருவதில்லை. தேன் இல்லை, பாலாடை இல்லை. இனிப்பு உள்ளே போனால் வேர்த்துக் கொட்டிக் கண் இருட்டுகிற உடம்பு இந்த வீட்டில் இன்னொன்றும் இருக்கிறதே, அது அவளுடையதுதானே? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். கையில் ஒட்டிய மாவைச் சரியாகக் கழுவக்கூட இல்லை. பஸ் ஏறிவிட்டாள்.

குழந்தைகள் வார்டை ஒட்டிய சின்ன அறையில் புதிதாக ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தாள். இளவேனில் என்று பெயர்ப்பலகை சொன்னது. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பிறவியிலேயே வருகிற கோளாறுகளைப் பார்க்கிறவள் என்று நர்ஸ் சொன்னாள். எதிரில் ரங்கம்மாளும் ரவிதேஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. வெங்கடலட்சுமி வெளியே நின்றாள்.

"தாய்ப்பாலைத் தவிர குழந்தைக்கு வேற என்னங்க குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லீங் டாக்டர்" என்றாள் ரங்கம்மாள். "ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கலீங்க. எங்கூட்டுல அதெல்லாம் ரொம்பக் கவனம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன தடவை வந்தப்பவும் இதேதான் சொல்லியிருக்கீங்க."

"சத்தியமாங்க."

ரங்கம்மாள் பொய் சொல்லவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் கணக்கில் சாப்பாடு வேறு, சேனை வேறு. சேனை என்பது சாமி காரியம் மாதிரி, கோயிலில் வாங்குகிற தீர்த்தம் மாதிரி. தீர்த்தம் குடித்ததைச் சாப்பிட்டேன் என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? ரவிதேஜாவும் சொல்லவில்லை. பட்டறையில் மைக்ரான் அளவில் இரும்பைக் கடைகிறவன், அவனுக்கும் அது தோன்றவில்லை.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று வெங்கடலட்சுமிக்குத் தெரியும். போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சேனை வெச்சாங்க டாக்டர். தினமும் வெச்சாங்க. தேனும் கற்கண்டுத் தண்ணியும் பாலாடை நெறையக் குடுத்தாங்க."

ரங்கம்மாள் எழுந்தே விட்டாள். "உன்னை யாரு இங்க வரச் சொன்னா? பழி தீத்துக்க வந்தியா? என்ற பேத்தி கெடக்கற கெடையில..."

"நீங்க உக்காருங்கம்மா" என்றாள் டாக்டர். குரல் உயரவில்லை. ஆனால் முகம் மாறியிருந்தது. "இவங்க யாருங்க?"

"என்ற அக்கா" என்றான் ரவிதேஜா. "அவிங்க சொல்றது நெசந்தாங்க டாக்டர். அதைச் சொல்லோணும்னு எங்களுக்குத் தோணலீங்க."

டாக்டர் அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வார்டுக்குப் போனாள். குழந்தைக்கு ஓடிக்கொண்டிருந்த மருந்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இனிப்புக் கலந்த டானிக்கை நிறுத்தச் சொன்னாள். குழந்தையின் சிறுநீரை வேறொரு விதமாகச் சோதிக்க அனுப்பினாள். ரத்தத்தையும் அனுப்பினாள், அதற்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும் என்றாள். குளுக்கோஸ் மட்டும் ஏறட்டும், வாந்தி நின்றதும் தாய்ப்பால், தாய்ப்பாலைத் தவிர இந்தக் குழந்தையின் வாயில் வேறெதுவும் படக்கூடாது என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். சாய்ப்ரியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வெங்கடலட்சுமி வீட்டுக்குப் போகவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வார்டுக்கு வெளியே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரங்கம்மாள் அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் வாந்தி நின்றது. அதற்கடுத்த நாள் குழந்தை கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தது. டாக்டர் இளவேனில் மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டாள். வெங்கடலட்சுமியைப் பார்த்துத்தான் முதலில் கேட்டாள்.

"நீங்க இனிப்பே சாப்பிட மாட்டீங்களாமே? உங்க தம்பி சொன்னார். பழமும் ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. தின்னா மயக்கம் வரும்."

"பல்லைக் காட்டுங்க."

அவள் வாயைத் திறந்தாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தாள். இனிப்புப் படாத வாய், ஒரு பல்லில்கூடச் சொத்தை இல்லை.

"என்ன தொழில் பண்றீங்க?"

"முறுக்கு, தட்டுவடை சுட்டு விக்கறனுங்க."

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும்" என்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "முறுக்குல அரிசிமாவு இருக்குது, பருப்பு மாவு இருக்குது, வெண்ணெய் இருக்குது. நம்ம உடம்பும் பெரும்பாலும் இந்த மாதிரிச் சரக்குலதான் ஓடுது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. மாவும் சர்க்கரையும் ஒரே இனந்தாங்க. அரிசிமாவுங்கறது குளுக்கோஸைக் கோத்துக் கோத்து நீளமாக் கட்டின சரம். உடம்பு அதை அவுத்து எடுத்துக்கும். அதனாலதான் சோறு உங்களுக்கு ஒத்துக்குது. ஆனா நாம போடற சர்க்கரை, வெல்லம், கற்கண்டு இதெல்லாம் ரெண்டு பேர் கைகோத்த ஜோடி. ஒண்ணு குளுக்கோஸ், இன்னொண்ணு ஃப்ரக்டோஸ். தேன்ல, பழத்துல இருக்கறதும் அதே ரெண்டாவது ஆள்தான். அதை உடைக்கறதுக்கு ஈரல்ல ஒரு வேலையாள் இருக்கோணும். நொதின்னு பேரு, அதுவும் ஒரு புரதம். சில பேருக்குப் பிறவியிலயே அது சரியா அமையறதில்லீங்க. உடையாத சர்க்கரை ஈரல்லயே கெடந்து எல்லா வேலையையும் முடக்கிப்போடும். அப்ப ரத்தத்துல குளுக்கோஸ் இறங்கிரும். வேர்க்கும், மயக்கம் வரும், குழந்தைன்னா வலிப்பு வரும். உங்களுக்கும் பிரீத்திகாவுக்கும் அதுதான்னு நெனைக்கறேன். ரத்தச் சோதனை வந்தா உறுதியாயிரும்."

"இனி அவ பொழச்சுக்குவாளுங்களா?" என்று ரவிதேஜா கேட்டான்.

"இனிப்புப் படாம வளத்தா நல்லா வளருவா. உங்க அக்காவைப் பாருங்க."

ரங்கம்மாள் விடவில்லை. அவள் சொன்னது தப்பாகப் போய்விட்டது என்பதை எப்படி ஒப்புக்கொள்வாள்? "அப்ப நான் சொன்னது நெசந்தானுங்க டாக்டர். லட்சுமியாட்டவே தான குழந்தை வந்திருக்குது? அவ சேனை வெச்சதுதான..."

"சேனையில ஒண்ணும் வராதுங்கம்மா. அந்த நொதியை எப்படிச் செய்யறதுங்கற குறிப்பு நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்குது. டிஎன்ஏன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணுன்னு ரெண்டு பிரதி. ஒண்ணு பிழையாயிருந்தா ஒண்ணும் தெரியாது. ரெண்டும் பிழையாயிருந்தாத்தான் இந்தத் தொந்தரவு. பிரீத்திகாவுக்கு ஒண்ணு இவர்கிட்ட இருந்து வந்திருக்கு. இன்னொண்ணு உங்க மக கிட்ட இருந்து. உங்க மகளுக்கு அது பெரும்பாலும் உங்ககிட்ட இருந்துதாங்க வந்திருக்கும். ஒரே குடும்பம் பாருங்க."

ரங்கம்மாளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாளாகத் தங்கச்சியின் விரல் நுனியில் தேடியது தன் ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

வெங்கடலட்சுமி இது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. டாக்டர் சொன்ன வேறொரு இடத்தில் அவள் நின்றுவிட்டிருந்தாள்.

"ஏனுங்க டாக்டர்" என்றாள். "தாய்ப்பாலும் இனிப்பாத்தானுங்க இருக்கும்? அது மட்டும் எப்படி ஆகுதுங்க?"

"அதுல இருக்கறது பால் சர்க்கரைங்க. அதுவும் ஜோடிதான், ஆனா கூட்டாளி வேற. ஃப்ரக்டோஸ் இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு ஆறு மாசம் வரைக்கும் அதைவிடப் பத்திரமான சாப்பாடு உலகத்துலயே இல்லை."

வெங்கடலட்சுமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"எனக்கொரு பையன் இருந்தானுங்க" என்றாள். "பால் மட்டும் குடிச்சவரைக்கும் நல்லா இருந்தான். அப்புறமேட்டு ராகிக்கூழுல வெல்லம் போட்டுக் குடுத்தோம். வாழைப்பழம் மசிச்சுக் குடுத்தோம். வாந்தியா எடுத்தான். என்ற பால்தான் ஆகலைன்னு சொன்னாங்க. பால் வத்தறதுக்கு மாருல மல்லிப்பூ வெச்சுக் கட்டுனாங்க. பாலை நிறுத்திப்போட்டு, தெம்பு வரட்டும்னு வெல்லத் தண்ணியே குடுத்தமுங்க. மொத்தமும் நான்தான் குடுத்தேன். என்ற கையாலதான் குடுத்தேன்."

ரங்கம்மாள் தலை குனிந்திருந்தாள். அந்தப் பூவைத் தொடுத்தது அவள்தான்.

"அவனுக்கும் இதேதானுங்களா?"

டாக்டர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தாள். "ரத்தம் பாக்காம உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றாள்.

"உறுதி வேண்டாமுங்க. இதுதான்னு வெச்சுக்குங்க. அப்ப என்ற பால்?"

"அம்மா..."

"சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

"இதுதான்னா, அவனை அதுவரைக்கும் உயிரோட வெச்சிருந்ததே உங்க பால்தாங்க."

வெங்கடலட்சுமி தலையை ஆட்டினாள். "செரிங்க" என்றாள். கடையில் விலை கேட்டுக்கொண்டு திரும்புகிறவள் மாதிரி எழுந்தாள். இரண்டடி வைத்ததும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். ரவிதேஜா ஓடிவந்து தாங்கிப் பிடித்தான். இத்தனை வருஷம் தன் உடம்பையே விஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அந்தப் பாரம் இறங்கியதே என்று சந்தோஷப்படவா முடியும்? இறங்கிய இடத்தில் அதைவிடப் பெரிய பாரம் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் அழுதாள். தம்பியின் தோளில் முகத்தை வைத்துச் சத்தம் இல்லாமல் அழுதாள். டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கதவைத் தட்டினாள். "டாக்டர், குழந்தை பசிக்கு அழுகுது. அந்தப் பொண்ணு பால் குடுக்க மாட்டேங்குது."

வார்டில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. சாய்ப்ரியா அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆனால் நெஞ்சிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, தானும் அழுதாள். நாள்கணக்காக அவள் காதில் ஓதியது அப்படி. டாக்டர் எடுத்துச் சொன்னாள். நர்ஸ் சொன்னாள். ரவிதேஜா சொன்னான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருக்குதுங்க. என்னாலதான் இப்படி ஆச்சோன்னு பயமா இருக்குது. மறுபடியும் வாந்தி எடுத்தா?"

வெங்கடலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணு, இங்க பாரு" என்றாள். "சேனை வெக்கச் சொன்னப்ப என்ற பேச்சை நீ கேக்கல. இப்பக் கேளு. உன்ற பாலு நல்ல பாலு. ஒரு குத்தமும் இல்ல அதுல. யாரு வந்து என்ன சொன்னாலும் நிறுத்தாத. நானே வந்து சொன்னாலும் நிறுத்தாத."

குழந்தையின் தலைக்குப் பின்னால் தன் உள்ளங்கையை வைத்து மெதுவாக முன்னால் சேர்த்தாள். குழந்தை அழுகையில் முதலில் பிடிக்கவில்லை. வாய் அங்கும் இங்கும் அலைந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. வார்டு சட்டென்று அமைதியானது. பசித்த குழந்தை விழுங்குகிற சத்தம் கேட்டது. சாய்ப்ரியாவின் தோள் தளர்ந்தது.

"குடிக்கறா சின்னம்மா."

"குடிப்பா. நல்லாக் குடிப்பா."

ரங்கம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"லட்சுமி" என்றாள்.

வெங்கடலட்சுமி திரும்பவில்லை. குழந்தையின் அசைகிற கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வம்சியும் இப்படியேதாங்க்கா தேடுவான்" என்றாள். "பாலை நிறுத்துன பொறகும் தேடுவான். ரவிக்கையப் புடிச்சு இழுப்பான். நான் தூக்கி அந்தப் பக்கம் படுக்க வெப்பேன். ஊர்ந்து ஊர்ந்து வந்து மறுபடியும் தேடுவான். கடைசி நாள் வரைக்கும் தேடிட்டேதான் இருந்தான்."

ரங்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாய்ப்ரியா அம்மாவைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள், குழந்தையை இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டாள். குழந்தை குடித்து முடிக்கும்வரை வெங்கடலட்சுமி அதன் தலைக்குப் பின்னால் வைத்த கையை எடுக்கவில்லை.